நான் போட்ட ரெண்டு கமா

ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தேன். பிப்ரவரி வந்தால் எங்களுக்குத் தலைவலி மாதம். எல்ஐசி ரசீது, வாடகை ரசீது, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று வரிக்கான ப்ரூஃப் எல்லாம் வந்து சேர வேண்டும். முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிடுவார்கள். ஒரு பத்துப் பதினோரு பேர் கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிப்பார்கள். அவர்களுக்கு ஒரு அதட்டல் போடலாம் என்று எல்லாருக்குமாக ஒரு மெயில் தட்டினேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

“தி எம்ப்ளாயீஸ், ஹூ ஹேவ் நாட் சப்மிட்டட் தி ப்ரூஃப்ஸ், வில் ஹேவ் எக்ஸ்ட்ரா டாக்ஸ் டிடக்டட் திஸ் மன்த்.”

மத்தியானம் ஒரு சீனியர் அந்த மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கே வந்துவிட்டார். பேனா முனையால் ரெண்டு கமாவையும் தொட்டுக் காட்டினார். “தம்பி, இதை எடுத்துடுங்க. நீங்க எழுதினதுக்கு, இந்தக் கம்பெனியில ஒருத்தர்கூட ப்ரூஃப் குடுக்கலைன்னு அர்த்தம்.”

“படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடும் சார்.”

“புரியும். அதான் யாரும் ஒண்ணும் சொல்லலை. நான் டிசம்பர்லயே குடுத்தவன், எனக்குக் கோவம் வருது.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஹூ-வுக்கு முன்னால் கமா இல்லை என்றால், ப்ரூஃப் கொடுக்காத ஊழியர்கள் மட்டும். கமா போட்டுத் தனியாகப் பிரித்துவிட்டால், ஊழியர்கள் எல்லாரும். அவர்கள் ப்ரூஃப் கொடுக்கவில்லை என்பது போகிறபோக்கில் சொல்லும் உபரித் தகவல். பேச்சில் இந்த வித்தியாசம் ஒரு சின்ன நிறுத்தத்தில் தெரியும். எழுத்தில் கமாதான் கதி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘மை மதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ என்பதில் கமாவை விட்டுவிட்டாலும் குடி முழுகாது. எல்லாருக்கும் அம்மா ஒருத்திதான், எந்த அம்மா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாமாக்கள் என்று பன்மைக்கு வந்தால்தான் வம்பு. கமா இல்லாவிட்டால், பல ஊர்களில் இருக்கும் மாமாக்களில் மதுரைக்காரர்கள் மட்டும். கமா போட்டால் அத்தனை மாமாவும் மதுரையில். கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிறவனுக்கு இது முக்கியமான சமாச்சாரம்.

நான் ஏன் அந்தக் கமாக்களைப் போட்டேன் என்று யோசித்தால், என் தமிழ்க் காதுதான் காரணம் என்று தோன்றுகிறது. நம் பெயரெச்சத்துக்கு, அதாவது ‘உழைக்கும்’, ‘வந்த’ மாதிரி ஒரு பெயரைத் தழுவி நிற்கும் வினைக்கு, இந்தப் பாகுபாடே கிடையாது. “ஓய்வில்லாமல் உழைக்கும் நர்சுகளுக்குச் சம்பளம் உயர வேண்டும்” என்று ஒருவர் எழுதினால், எல்லா நர்சுகளுக்குமா, ஓய்வில்லாமல் உழைக்கிறவர்களுக்கு மட்டுமா? வாக்கியத்தில் பதில் இல்லை. நாமும் கேட்பதில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். சந்தேகம் வரும் என்று தோன்றினால் ஒரு ‘மட்டும்’ சேர்ப்போம். எல்லாரையும் பற்றித்தான் என்றால் ரெண்டு வாக்கியமாக உடைப்போம்: நர்சுகள் ஓய்வில்லாமல் உழைக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உயர வேண்டும். இந்த உடைக்கிற வேலையை மறந்துவிடுகிற மொழிபெயர்ப்புகளில்தான் “அவர்களில் இருவர் துபாயில் இருக்கும் மூன்று மகன்கள் அவருக்கு உண்டு” மாதிரி கொடுமைகள் வருகின்றன. அவருக்கு மூணு பையன், ரெண்டு பேர் துபாயில். முடிந்தது.

பெயரெச்சம் பொதுவாகவே நிறைய விஷயத்தைக் கேட்பவர் தலையில் விட்டுவிடும். எழுதிய பையன், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய இடம் எல்லாவற்றுக்கும் அதே ‘எழுதிய’தான். செய்தவன், செயப்பட்ட பொருள், கருவி, இடம், காலம், தொழில் என்று ஆறு வகைப் பெயரை அது தழுவும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில் பேனாவுக்கு ஒரு ‘வித்’ வேண்டும்: ‘தி பென் ஐ ரோட் வித்’. நம்மில் பாதிப் பேர் அந்த ‘வித்’தை விழுங்குவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச். அப்புறம் ரெண்டு வாக்கியத்தைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வார்கள். ஒன்றாக்கிவிட்டால் மார்க். எல்லாருமா, சிலரா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. தட், விச் சண்டை அதற்கு அப்புறம். சிலரை, சிலவற்றைப் பிரித்துக் காட்டத் தட், உபரித் தகவலுக்கு விச் என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி எழுதிய ஃபவுலர் 1926-இல் எழுதினார். பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். அமெரிக்க எடிட்டர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், பிரிட்டனில் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: கமாவுக்குப் பின்னால் தட் போடாதீர்கள்.

போன வாரம் அக்கா மகள் பேங்க் பரீட்சைக்கான புத்தகத்தோடு வந்தாள். பிழை கண்டுபிடிக்கும் கேள்வி. “ஷி ஈஸ் ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேஸ் பாஸ்ட்.” ஹேஸ் தப்பு, ஹேவ் வரணும் என்று விடை. “ஒருத்தியைப் பத்திதானே மாமா பேசறாங்க, ஹேஸ்தானே வரணும்?”

இங்கே தமிழ் கைகொடுக்கும். தமிழில் சொல்லிப் பார் என்றேன். “பாஸான மாணவிகளில் இவளும் ஒருத்தி.” பாஸான என்பது எதை ஒட்டி நிற்கிறது? மாணவிகளை. பன்மை, அதனால் ஹேவ். “மாணவிகளில் பாஸான ஒரே ஒருத்தி இவள்” என்றால்? பாஸான நகர்ந்துபோய் ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டது. ஆங்கிலத்தில் அது ‘தி ஒன்லி ஒன்’, அங்கே ஹேஸ். ‘வந்த பையன், வந்த பையன்கள்’ என்று நம் எச்சத்துக்கு ஒருமை பன்மை தெரியாது. ஆனால் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்பதால் அது யாருடைய ஆள் என்பதில் இந்தக் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் ஹூ பின்னால் வந்து நிற்கிறது, முன்னால் ‘ஒன்’னும் இருக்கிறது, ‘ஸ்டூடன்ட்ஸ்’ஸும் இருக்கிறது. அதனால் ஹேஸ், ஹேவ் சொல்லித்தான் ஆளைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே, யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் ஹேஸ் என்றுதான் சொன்னார் என்று ஒரு குண்டைப் போட்டாள். சொல்லியிருப்பார். பேசுகிறவரின் மனசு அந்த ஒருத்தி மேலேயே இருக்கும்போது நாக்கு ஒருமைக்குப் போய்விடும். நல்ல எழுத்தாளர்களே காலங்காலமாக ரெண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள், அமெரிக்க அகராதிக் கம்பெனியான மெரியம்-வெப்ஸ்டரின் பயன்பாட்டு அகராதியும் ரெண்டையும் சேர்த்துக்கொள்கிறது. பரீட்சையில் ஹேவ் போடு, வெளியே யாராவது ஹேஸ் என்றால் திருத்தப் போகாதே என்றேன். கமா விஷயத்தில் எனக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஹேஸ் சொன்னாலும் ஹேவ் சொன்னாலும் அந்தப் பெண் பாஸ்தான். கமா மாறினால் ஆள்கணக்கே மாறிவிடுகிறது.

அன்றைக்குக் கமாக்களை எடுத்துவிட்டு, சீனியரிடம் காட்டிவிட்டு, மெயிலை மறுபடி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் நாலு பேர் ரசீதோடு வந்தார்கள். மிச்சப் பேருக்கு அந்த மாதம் வரி பிடித்தோம். அதில் ஒருவர் வந்து, “மெயில் வந்துச்சா? எப்ப?” என்றார்.