பாட்டில் சாக்ஸ்

(திருப்பூர், காதர்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை. மலை போல் குவிந்த சாக்ஸுக்குப் பின்னால் கடைக்காரர். நொண்டிக்கொண்டே ஒருவர் வருகிறார், கையில் ஒரே ஒரு சாக்ஸ்.)

வந்தவர்: அண்ணா, போன மாதம் உங்களிடம் வாங்கியது. எக்ஸ்போர்ட் மிச்சம், மலை ஏறுவதற்கென்றே போட்டது என்று சொன்னீங்க.

கடைக்காரர்: சொன்னேனுங்க. ஏறினீங்களா?

வந்தவர்: வெள்ளியங்கிரி. ஏழு மலையும்.

கடைக்காரர்: அப்புறம் என்னங்க குறை?

வந்தவர்: நான் ஏறினேன், அது இறங்கியது. முதல் மலைப் படி முடிவதற்குள் கணுக்கால். அடுத்த மலையில் குதிகால். பாம்பாட்டி சுனையில் பாம்பைத் தேடினேன். என் ஷூவுக்குள்தான் சுருண்டு கிடந்தது.

கடைக்காரர்: (வாய்ப்பகுதியை இழுத்துப் பார்த்து) எலாஸ்டிக் செத்துப்போச்சுங்களே. எப்படித் துவைத்தீங்க?

வந்தவர்: புதுசாச்சே என்று கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன்.

கடைக்காரர்: உள்ளே ரப்பர் இருக்குதுங்க. அதை இட்லி மாதிரி வேகவைத்தால் எப்படிங்க தாங்கும்?

வந்தவர்: சரி, அது என் தப்பு. இது? (ஷூவைக் கழற்றப் போகிறார்.)

கடைக்காரர்: வேண்டாங்க, வியாபார நேரம்.

வந்தவர்: பாருங்க. சுண்டுவிரலில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம்.

(கடைக்காரர் கொப்புளத்தைப் பார்க்கவில்லை. சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி விரல் முனையைத் தடவுகிறார். பழைய மெஷின்காரர், கை தானாக அங்கேதான் போகும்.)

கடைக்காரர்: இங்கே கயிறு மாதிரி நிற்கிறதே, தெரியுதுங்களா? சாக்ஸ் மெஷினிலிருந்து குழாயாகத்தான் விழும். விரல் பக்கம் திறந்து கிடக்கும், அதை அப்புறம் மூட வேண்டும். கண்ணி கண்ணியாகக் கோத்து மூடினால் விரலுக்கே தெரியாது, ஆனால் நேரம் பிடிக்கும், கூலியும் கூட. ஓவர்லாக் மெஷினில் தைத்துவிட்டால் சர்ரென்று முடியும், இந்த மேடு நின்றுவிடும்.

வந்தவர்: அந்த மேட்டை வைத்துக்கொண்டா ஏழு மலை ஏறினேன்? எட்டு மலை என்று சொல்லுங்க.

கடைக்காரர்: திருப்பிப் போட்டிருக்கலாமுங்க. மேடு ஷூவை உரசும், விரலை விட்டுவிடும்.

வந்தவர்: விற்கும்போது சொல்லவில்லையே!

கடைக்காரர்: நீங்க கேட்டது கலர் மட்டும்தானுங்களே. அப்புறம், நைலான் கலந்ததை எடுத்துக் காட்டினேன். சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீங்க.

வந்தவர்: உடம்புக்குப் பருத்திதான் நல்லது என்று அம்மா சொல்வாங்க.

கடைக்காரர்: உட்கார்ந்திருக்கிற உடம்புக்குங்க. பருத்தி வேர்வையைக் குடிக்கும், லேசில் விடாது. ஈரத்தில் தோல் ஊறிப்போகும், ஊறிய தோல் உரசினால் கொப்புளம்தான். மலைக்கு நைலானோ கம்பளியோ கலந்திருக்க வேண்டும்.

வந்தவர்: நீங்க மலைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவீங்க?

கடைக்காரர்: நானா? வருஷம் தவறாமல் போகிறேன். வெறுங்கால்தான்.

வந்தவர்: அதுதானே! எழுபது வயசுப் பாட்டி ஒருத்தர் வெறுங்காலில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாங்க. திரும்பிப் பார்த்து, “ஏங்கண்ணு, காலில் என்ன மூட்டை?” என்று வேறு கேட்டாங்க.

கடைக்காரர்: (சிரிப்பை அடக்கி) சரிங்க, மாற்றித் தருகிறேன். இன்னொன்று எங்கே?

வந்தவர்: அதைத் தர மாட்டேன்.

கடைக்காரர்: ஏனுங்க?

வந்தவர்: கைதட்டி சுனையில் அலசித் தண்ணீர் பாட்டிலுக்கு மாட்டிவிட்டேன். இறங்கும்போது பத்து மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே தண்ணீர் மண்பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று!

கடைக்காரர்: பருத்தியாச்சுங்களே. குடித்த ஈரம் காற்றில் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானையும் அதே வேலைதான்.

வந்தவர்: ஒரே ஒரு சிக்கல். ஏறும்போது, பாட்டிலை மலையில் வீசிவிடக் கூடாதென்று வனத்துறைக்காரங்க அதில் ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்கியிருந்தாங்க. கீழே வந்து காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். பார்த்தால் பாட்டிலில் ஸ்டிக்கரைக் காணோம், ஈரத்தில் உரிந்து சாக்ஸுக்குள்ளே ஒட்டியிருக்கிறது. சாக்ஸை நீட்டினேன். அங்கே இருந்த வனத்துறைக்காரர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், காசைக் கொடுத்தார், நேரே கை கழுவப் போய்விட்டார்.

கடைக்காரர்: ஆக, சாக்ஸ் நல்ல சாக்ஸ்தான். காலுக்குப் போட்டதுதான் தப்பு.

வந்தவர்: காலுக்கு நைலான் கலந்தது ஒரு ஜோடி கொடுங்க, மேடு இல்லாததாகப் பார்த்து. பாட்டிலுக்கு இன்னும் ஒரு பருத்தி. ஒற்றையாகக் கிடைக்குமா?

கடைக்காரர்: ஜோடியாகத்தானுங்க. பாட்டில் எத்தனை லிட்டர்?

வந்தவர்: ஒன்று.

கடைக்காரர்: அப்போ பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைஸ் போதுங்க. (கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமி) வாங்க, வாங்க! பாட்டில் சாக்ஸ், பாட்டில் சாக்ஸ்! எக்ஸ்போர்ட் மிச்சம்!