பழைய காரில் தினமும் வேலைக்குப் போனால் மிச்சம் எவ்வளவு?

சேலத்தில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்துக்குப் பழைய ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர் வாங்கி வேலைக்குப் போய்வர நினைக்கிறவர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: "புது வண்டின்னா மாசம் பத்தாயிரம் டியூ கட்டணும். இதுல அது மிச்சம்ங்க." இது பாதிக் கணக்கு. மிச்சம் உண்டு, ஆனால் மாதம் மூவாயிரத்து ஐநூறு அளவுக்குத்தான். அதுவும், வண்டி விலைக்கு மேல் முப்பதாயிரத்தைத் தனியாக எடுத்துவைத்து, வாங்கிய முதல் மாதமே அதைச் செலவழிக்கிறவருக்கு மட்டும்.

எப்படி என்று பார்ப்போம். ஓமலூரிலிருந்து சேலம் வந்து போகிற ஒருவர் நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2012 மாடல் ஆல்டோ 1,20,000, முதல் மாத வேலை 30,000. ஐந்து ஆண்டு ஓட்டி 50,000-க்குத் தள்ளினால் தேய்மானம் ஆண்டுக்கு 20,000. பராமரிப்பு 18,000. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் ஓட்டுநர் விபத்துக் காப்பும் சேர்ந்து 3,000. நடுவில் வரும் ஆர்.சி. புதுப்பிப்புச் செலவைப் பிரித்துப் போட்டால் 4,000. லிட்டருக்கு 16 கொடுத்தால் பெட்ரோல் 76,500. மொத்தம் 1,21,500. கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்.

புது வண்டி ஆன் ரோடு 6 லட்சம், அதில் 4,80,000 கடன், ஒன்பதரை சதவீத வட்டி, 60 மாதம். டியூ பத்தாயிரத்துச் சொச்சம். வட்டி மட்டும் ஒன்றேகால் லட்சம். ஐந்து ஆண்டு கழித்து 3 லட்சத்துக்கு விற்றால் ஆண்டுத் தேய்மானம் வட்டியோடு 85,000. இன்சூரன்ஸ் 10,000, சர்வீஸ் 7,000, லிட்டருக்கு 20 கொடுத்தால் பெட்ரோல் 61,200. மொத்தம் 1,63,200. வித்தியாசம் ஆண்டுக்கு 41,700. கட்டுகிற டியூவில் ஒரு பகுதி வண்டியின் விலையாகக் கையில் நிற்கிறது. பழைய வண்டியிலோ பட்டறைக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் போனது போனதுதான். இந்த இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பத்தாயிரம் மிச்சம் என்கிறோம்.

பைக்கில் போய்க்கொண்டிருந்தவர் பழைய காருக்கு மாறினால் கதையே வேறு. அதே 12,000 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 45 கொடுக்கும் பைக் 27,000 ரூபாய் பெட்ரோல் குடிக்கும். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் சேர்த்தாலும் 47,000. கிலோமீட்டருக்கு நாலு ரூபாய். ஆக, பைக்கை விட்டுக் காருக்கு வருகிறவர் மாதம் ஆறாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் பிள்ளைகளோடு போவதற்கும் அந்தப் பணம் தகும் என்றால் தாராளமாக வாங்கலாம். அதைச் சிக்கனம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை. அந்தத் தடத்தில் வீடும் வேலையும் அமைந்தவருக்கு எந்தக் காரும் ஈடாகாது.

தூரம் குறையக் குறைய பழைய காரின் கணக்கு மோசமாகும். அஸ்தம்பட்டியில் வீடு, பழைய பஸ் நிலையம் பக்கம் வேலை, அங்கே இங்கே சுற்றினாலும் நாளுக்குப் பத்து கிலோமீட்டர் என்றால், நிலையான செலவெல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தின் மேல் விழும். கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் தாண்டும். அதோடு எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் ஆஃபீஸ் வந்துவிடும். சைலன்சருக்குள் கட்டும் நீர் ஆவியாகாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறாது, ஆயில் சீக்கிரம் கெடும். நாளுக்கு 30 முதல் 60 கிலோமீட்டர் சமதளத்தில் ஓடுகிறவருக்குத்தான் பழைய கார் பொருந்தும். மூன்று பேர் சேர்ந்து மொத்தச் செலவையும் பகிர்ந்துகொண்டு போனால் ஆளுக்குப் பைக் செலவைவிடக் குறையும். பழைய காரில் உண்மையான லாபம் இருப்பது இங்கேதான்.

இனி அந்த முப்பதாயிரம். பெரும்பாலானோர் இதைத்தான் தவிர்க்கிறார்கள், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விற்கிறவர் சொல்லும் "கம்பெனி கண்டிஷன்" என்பதில், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்ற தகவல் இருக்காது. பழைய ஆல்டோவின் 796 சிசி எஞ்சினிலும் சான்ட்ரோ ஜிங்கிலும் இருப்பது ரப்பர் பெல்ட். கே10பி எஞ்சின் வந்த ஆல்டோ கே10, 2010-க்குப் பிந்தைய வேகன் ஆர் இரண்டிலும் செயின். பெல்ட் கிலோமீட்டரால் மட்டும் சாவதில்லை. வயதாலும் சேலத்துச் சூட்டாலும் விரிசல் விடும். வண்டி குறைவாக ஓடியிருக்கிறது என்று விட்டுவைத்தால், ஓட்டத்தில் அறுந்து, பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வைத் தட்டி வளைத்துவிடும். பெல்ட்டை இழுத்துப்பிடிக்கும் டென்ஷனரோடு மாற்ற மூவாயிரம் ஆகும். அறுந்த பிறகு ஹெட்டைக் கழற்றினால் அதைப்போல் ஐந்தாறு மடங்கு.

ஆல்டோவுக்கு எஞ்சின் ஆயில் மூன்று லிட்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், மூன்று பிளக், எல்லாம் மூன்றரை ஆயிரத்துக்குள் முடியும். பிரேக்கில் முன் பேட், பின் லைனர், கசியும் வீல் சிலிண்டர், வெடிப்பு விட்ட ஹோஸ், புது பிரேக் ஆயில் என்று ஐந்தாயிரம் வைக்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் எண்ட் பார்த்து, கடைசியாக அலைன்மெண்ட். வரிசை மாற்றி முதலில் அலைன்மெண்ட் செய்தால் அது வீண் செலவு. டயரில் பட்டன் இருக்கிறதா என்பதோடு பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு ஆண்டு தாண்டிய டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிக்காது. ஆல்டோவின் 12 அங்குல டயர் நாலும் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குள் வந்துவிடும்.

அடுத்தது கூலிங். இங்கே பழைய கார்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைந்திருக்கும். சூடு ஏறுகிறது என்று போனால் சில பட்டறையில், எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். முள் கீழே இறங்கும், நமக்கும் திருப்தி. ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். ஏப்ரல் மாத மதியம் ஐந்து ரோடு சந்திப்பில் ஏ.சி. போட்டு நெரிசலில் நிற்கும்போது முள் மறுபடி ஏறும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு புதிதாகப் போட்டு, கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றி, ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்க்க மூன்றரை ஆயிரம் ஆகும். ஒருமுறை கொதிக்கவிட்டால் ஹெட் கேஸ்கட், அதற்கு மேல் ஹெட் வளைவு என்று ஆண்டு மிச்சத்தில் பாதி ஒரே நாளில் போய்விடும்.

ஏற்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு அடிவாரம், கோரிமேடு, கன்னங்குறிச்சியிலிருந்து தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு செல்லாது. 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டாவது கியரில் லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் வரும். இறக்கத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சினின் இழுவையில் ஏழில் ஒரு பங்கு குறையும். அந்த உயரத்தில் மூடாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் கொதிநிலையை மேலே தூக்கிவைக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் இறுகியிருந்தால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது, மலையில் கொதித்துவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான். வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

வளைவில் முன்னால் பஸ் திரும்பும்வரை ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைக்கிற பழக்கம் கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக் கிளம்ப வேண்டும். அதற்கு ஹேண்ட் பிரேக் வேலை செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் பாதியில் அது பெயருக்குத்தான் இருக்கும்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால், இறக்கத்தில் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். சாவியை அணைத்தால் இன்னும் ஆபத்து: பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் சேர்ந்து, மிதித்தால் பெடல் தரைவரை போகும். மலையில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்ற வேண்டும், வண்டிக் கையேடு அனுமதித்தால் டாட் 4.

இவ்வளவும் செய்தால் மலைக்குக் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் ஆகிவிடும். புது வண்டிக்கும் மலையில் செலவு ஏறும் என்றாலும், தினசரி ஏற்காட்டுக்கு 15 வயது வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடுபனியில் வைப்பர் ரப்பரும் முகப்பு விளக்கும் சரியில்லாத வண்டி மற்றவருக்கும் ஆபத்து.

ஆல்டோ 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக் இல்லாத மாடல் அது. 2019-இல்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாயின. தொப்பூர்க் கணவாய் வழியே தருமபுரிக்கோ, நெடுஞ்சாலையில் சங்ககிரிக்கோ லாரிகளுக்கு நடுவே தினமும் போகிறவர் இன்னும் ஒன்றரை லட்சம் சேர்த்து 2019-க்குப் பிந்தைய வண்டியைத்தான் பார்க்க வேண்டும். வைகுந்தம் சுங்கச்சாவடியைத் தாண்டுகிறவர் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஆண்டு ஃபாஸ்டேக் பாஸில் 200 முறை போகலாம். வந்துபோவது இரண்டாக எண்ணப்படும், ஆகவே அது 100 நாளுக்குத்தான்.

பேப்பரில் ஏமாறுவது எஞ்சினில் ஏமாறுவதைவிட மோசம். 2012 மாடலுக்கு 2027-இல் 15 ஆண்டு முடியும். அதனால்தான் இந்த மாடல்கள் திடீரென்று மலிந்திருக்கின்றன. 15 தாண்டினால் 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன் டிங்கரிங், விளக்கு, டயர் வேலை தனி. ஐந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கும், பிறகு மறுபடி. அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. முடியும் தேதி, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் நிற்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். டி போர்டில் ஓடி ஓன் போர்டாக மாற்றிய டீசல் வண்டி விலை குறைவாக வரும். மீட்டரில் 80,000 என்று இருந்தாலும் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்தால் நம்பாதீர்கள். இன்ஜெக்டரும் டர்போவும் போனால் வண்டி விலையில் பாதி ஆகும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் தொல்லையை மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலண்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற நுரை இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் பார்க்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போக ஐநூறு, ஆயிரம் கொடுக்கலாம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் பங்க்கில் வருகிறது. பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ், கேஸ்கட் ரப்பர்கள் அதற்காகச் செய்தவை அல்ல, ஊறி உப்பும். ஹோஸ் ஓரத்தில் ஈரமோ வாசனையோ வந்தால் அன்றே மாற்றுங்கள், தீப்பிடிக்கும் இடம் அது. மைலேஜும் கொஞ்சம் குறையும். மேலே 16 என்று போட்டதே அதற்கும் சேர்த்துத்தான்.

வாங்கிய பிறகு ஒரு நோட்டில் தேதி, மீட்டர் எண், வேலை, செலவு எழுதிவாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில். வாரம் ஒருமுறை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் கம்பியும் கூலண்ட் அளவும். ஆர்.சி. முடிய ஓராண்டுக்குள் இருக்கும்போது வண்டியின் விற்பனை விலையில் பாதிக்கு மேல் ஒரு பெரிய வேலை வந்தால், செய்யாமல் உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள். பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும் இந்த விதி இல்லை. விற்கும் நாள்வரை அவை சரியாக இருக்க வேண்டும்.