செஸ்ட்டுக்கு நாலு, பின்தொடைக்கு ஒன்றுமே இல்லையா?

ஜிம்மில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஷெட்யூலைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. திங்கட்கிழமை செஸ்ட், அதாவது மார்பு: ஃபிளாட் பெஞ்ச் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது), அதையே தலைப்பக்கம் உயர்த்திச் செய்யும் இன்க்ளைன், தாழ்த்திச் செய்யும் டிக்ளைன், கைகளை விரித்துச் சேர்க்கும் பெக் ஃபிளை. புதன்கிழமை பைசெப்ஸுக்கு விதவிதமாக கர்ல். காலுக்கு? சனிக்கிழமை நேரம் இருந்தால் லெக் எக்ஸ்டென்ஷன், அதாவது உட்கார்ந்து முழங்காலை நீட்டும் முன்தொடைப் பயிற்சி. கண்ணாடியில் தெரிகிற தசைக்குத்தான் மரியாதை.

ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தசை எந்த மூட்டை, எந்தப் பக்கம் அசைக்கிறது? மார்புத் தசையின் முக்கிய வேலை மேற்கையை உடம்புக்கு முன்னால் கொண்டுவருவது. மேலே சொன்ன நாலும் கிட்டத்தட்ட அதே வேலைதான், சாய்வு மட்டும் மாறுகிறது. புதிதாக வருபவருக்கு ஃபிளாட் பிரஸ் ஒன்று, வேண்டுமானால் இன்க்ளைன் ஒன்று, தாராளம்.

இப்போது பின்தொடைக்கு வாருங்கள். அந்தத் தசையின் பெரும்பகுதி இடுப்பு மூட்டையும் தாண்டுகிறது, முழங்காலையும் தாண்டுகிறது. ஆக இரண்டு வேலை: குனிந்த இடுப்பை நிமிர்த்துவது, முழங்காலை மடக்குவது. "ஸ்குவாட் போடு தம்பி, எல்லாம் வந்துடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வராது. ஸ்குவாட்டில் எழும்போது இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. இடுப்புப் பக்கம் சுருங்குகிற தசை முழங்கால் பக்கம் நீண்டுவிடுகிறது. முன்தொடையும் புட்டமும்தான் அங்கே உழைக்கின்றன.

அதனால் பின்தொடைக்கு, எடையைக் கையில் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட் ஒன்று, எடைக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்ல் ஒன்று, இரண்டும் வேண்டும். லெக் கர்லிலும் குப்புறப் படுத்துச் செய்வதைவிட உட்கார்ந்து செய்வது மேல். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 பேரை ஒரு காலுக்கு உட்கார்ந்தும், மறு காலுக்குப் படுத்தும் 12 வாரம் செய்ய வைத்தார்கள். உட்கார்ந்து செய்த காலில் பின்தொடை சுமார் 14% வளர்ந்தது, படுத்துச் செய்த காலில் சுமார் 9%. உட்காரும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீண்ட நிலையிலேயே வேலை செய்கிறது.

ருமேனியன் டெட்லிஃப்ட்டைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்காலை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற சுவரைத் தொடப்போவதுபோலப் புட்டத்தைத் தள்ள வேண்டும். டம்பெல் தொடையை உரசியபடியே முட்டிக்குக் கீழே இறங்கட்டும். பின்தொடை நன்றாக இழுபடுகிற இடத்தில் நிமிர்ந்துவிடுங்கள். முதுகு கூன் போட ஆரம்பித்தால் அதற்குமேல் இறங்காதீர்கள். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குகிறோமே, அங்கேயும் இடுப்பு இதே வேலையைத்தான் செய்கிறது. எத்தனை பேர் அதைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்!

மற்றதற்கும் இதே கணக்குதான். மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸின் நீளமான பகுதி தோள்மூட்டைத் தாண்டுவதால், கேபிளைக் கீழே அழுத்தும் புஷ்டவுனோடு நிறுத்தாமல் கையைத் தலைக்கு மேலே வைத்துச் செய்யும் எக்ஸ்டென்ஷனையும் சேர்க்க வேண்டும். முன்தோள் எல்லா பிரஸ்ஸிலும் உழைத்துவிடுகிறது, எடையை முன்னால் தூக்கும் ஃப்ரன்ட் ரெய்ஸ் தேவையே இல்லை. அந்த நேரத்தைப் பக்கவாட்டுத் தோளுக்கும் பின்தோளுக்கும் கொடுங்கள். முதுகுத் தசைக்கு, எடையை மேலிருந்து இழுப்பது (புல்டவுன்) ஒன்று, முன்னாலிருந்து இழுப்பது (ரோயிங்) ஒன்று. கெண்டைக்காலுக்கு முழங்காலை நீட்டி நின்றபடி குதிகாலை உயர்த்தும் காஃப் ரெய்ஸ்.

தண்டாலும் பஸ்கியும் எனக்கு உயிர். ஆனால் தள்ளுவதும் உட்கார்ந்து எழுவதும்தான் அவற்றில் இருக்கின்றன, இழுக்கும் வேலை இல்லை. வீட்டிலேயே செய்பவர்கள் தொங்கி இழுக்க உறுதியான கம்பி ஒன்றுக்கு வழி பண்ணுங்கள்.

இன்னொரு வருத்தம். ஜிம்முக்கு வரும் அம்மாக்களை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு, கையில் ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் எல்லாருமே முக்கியமான தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாள் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஐம்பது வயதில் தொடையும் புட்டமும் வலுவாக இல்லாவிட்டால், எழுபதில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எப்படி எழுவது?

நேரமே இல்லை என்பவர்கள் வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், ஒரு பிரஸ், ஒரு ரோயிங், ஒரு புல்டவுன் போதும். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி இரண்டு ரெப் (ஒரு முறை செய்து முடிப்பது ஒரு ரெப்) திணற வேண்டும். 12 ரெப் சுலபமாக வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.