செயலி இருக்கிறதே, ரேடியோ எதற்கு?

"ரேடியோவா? அதுதான் மொபைலில் செயலி இருக்கிறதே!" இப்படிச் சொல்லாத கடைக்காரர் புதுச்சேரி நேரு வீதியில் ஒருவராவது மிச்சமிருக்கிறாரா? ஐயா, எனக்குச் செயலி வேண்டாம். திருகினால் பாடுகிற பெட்டி வேண்டும். முன்பு மொபைலிலாவது இயர்போன் கம்பியே ஏரியலாகி எஃப்எம் பாடியது. இப்போது பல மொபைல்களில் இயர்போன் செருகும் துளையையே அடைத்துவிட்டார்கள்!

சரி, வீட்டிலிருக்கும் பழைய பெட்டியையாவது நிம்மதியாகக் கேட்க விடுகிறார்களா? மத்திய அலைக்குத் திருப்பினால் செய்தி வாசிப்பவரை முந்திக்கொண்டு எல்இடி பல்பின் இரைச்சல் பேசுகிறது. சார்ஜர் உறுமுகிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஒப்பாரி வைக்கிறது. பெட்டிக்குள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை முக்கியம். எனவே பெட்டியை ஜன்னலோரம் குறுக்கே வைத்து, லேசாகத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். குரல் தெளியும் அந்த நொடியில்தான் யாராவது மிக்சியைப் போடுவார்கள்.

சிற்றலையில் பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு முடிந்தது. பண்பலையிலோ விளம்பரத்துக்கு நடுவே சிரிப்பு, சிரிப்புக்கு நடுவே விளம்பரம். பாட்டா? அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

புயல் வரட்டும், செயலியின் சாமர்த்தியத்தைப் பார்க்கலாம். 2011-இல் வந்த 'தானே' புயலில் கடலூர்க் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எதை வைத்து மொபைலுக்குச் சார்ஜ் போடுவது? இன்றும் புயல் எச்சரிக்கை வந்தால் போதும், "பேட்டரி ரேடியோவைத் தயாராக வைத்திருங்கள்" என்று அறிவுரை பறக்கிறது. கடையில் விற்காத பொருளை எங்கிருந்து எடுத்துத் தயாராக வைப்பது? அந்த அறிவுரையே எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது.