கடைசி 12 கிலோமீட்டர் யாருடையது?

நான் இருப்பது தெற்கு பிரான்சில், துலூஸ் நகரத்தில். "துலூஸிலிருந்து அந்தோராவுக்கு இரண்டரை மணி நேரம்தான்" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். கார் வைத்திருப்பவருக்கு, பனி விழாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது இரண்டரை மணி நேரம். கார் இல்லாமல், வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு முழு நாள். எனக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் ஆனது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மேலே படியுங்கள்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலைக்குள் இருக்கிறது அந்தோரா. பரப்பளவு 468 சதுர கிலோமீட்டர், மக்கள் 85,000 பேருக்கு மேல். விமான நிலையம் கிடையாது, ஒரு அடி தண்டவாளம் கூடக் கிடையாது. பிரான்ஸ் பக்கமிருந்து பாஸ் தெ லா காசா என்ற எல்லை ஊர் வழியாக ஒரு முக்கியச் சாலை, ஸ்பெயின் பக்கமிருந்து ஒரு முக்கியச் சாலை. பாலும் பெட்ரோலும் நோயாளியும் சுற்றுலாக்காரரும் எல்லாம் இந்த இரண்டு சாலைகளில்தான் போய்வர வேண்டும். அப்படியும் வருடத்துக்கு எண்பது லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்துபோகிற நாடு.

மலையைக் குறை சொல்லவில்லை. தலைநகரமே ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஐரோப்பாவிலேயே உயரத்தில் உள்ள தலைநகரம். அங்கே ஓடுபாதை போடச் சமதளம் எங்கே இருக்கிறது? ரயில் விடு, விமானம் விடு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நாட்டின் ஏற்பாடு முடிந்து இன்னொரு நாட்டின் ஏற்பாடு தொடங்குகிற இடத்தில் யாருமே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பயணி அந்த இடத்தில்தான் விழுகிறான்.

முதலில் விசா. அப்பா மதுரையில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கத்து ஸ்பெயினில் இருக்கிற ஒரு பிஷப்பும் பிரெஞ்சு ஜனாதிபதியும் சேர்ந்து ஒரு நாட்டுக்கு அரசுத் தலைவர்களாக இருக்கிறார்கள், அதற்கு அடிப்படை 1278-இல் போட்ட ஓர் ஒப்பந்தம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த மனிதர். போன வருடம் துலூஸுக்கு என்னிடம் வந்தபோது அவர் கேட்ட ஒரே இடம் அந்தோராதான். பாரிஸ் கூட வேண்டாம் என்றார். "அந்தப் பழைய பாராளுமன்ற வீட்டைப் பாத்துரணும்ப்பா" என்றார். 1580-இல் கட்டிய காசா தெ லா வால். 2011 வரை அந்த நாட்டு மன்றம் கூடிய கல் வீடு.

அறை பதிவு செய்தாயிற்று. அம்மாவுக்குத் தடித்த காலுறை, கையுறை எல்லாம் வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டு மேசையில் பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசா ஸ்டிக்கரை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்த அப்பா, "இதுல 01னு போட்டிருக்கே, என்னப்பா அது?" என்றார். எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்ற கட்டம் அது. 02 என்றோ, பலமுறை என்பதைக் குறிக்கும் MULT என்ற எழுத்துகளோ இருக்க வேண்டிய இடத்தில் 01. எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது.

அந்தோரா இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. "விசா தேவையில்லை" என்று எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் அந்தோரா இல்லை. விமான நிலையம் இருந்திருந்தால் வேறொரு நாட்டிலிருந்து நேரே போய் இறங்கிவிட்டு நேரே கிளம்பலாம். இல்லையே! பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் போக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தோராவுக்குள் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவில் போகலாம், முறைப்படி திரும்பி வர முடியாது. "விசா தேவையில்லை" என்று போடுகிறவர்கள், இந்த ஒரு வரியை அதே அளவு எழுத்தில் அதற்குக் கீழேயே போட்டால் என்ன குறைந்துபோகும்?

ஊரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த முகவரிடம் அந்தோரா போவதையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தோம். "பக்கத்துலதானே சார், ஒரே விசா போதும்" என்றாராம். காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகுமா?

இங்கே நண்பர்கள் சிலர், "எல்லையில யாரும் பாஸ்போர்ட் பாக்கமாட்டாங்க, தைரியமா போய்ட்டு வாங்க" என்றார்கள். பாருங்கள், இந்தப் பேச்சுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் கையில் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அந்தத் தைரியம். பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பார்க்காமல் விட்டு, பத்தாவதாக என் அப்பாவை நிறுத்தினால்? அடுத்த முறை பேத்தியைப் பார்க்க வர விசா கிடைக்காமல் போனால்? பயணத்தை ரத்து செய்தேன். அறைக்குக் கட்டிய பணம் போனது, அது போகட்டும். "பரவால்லப்பா, புத்தகத்துல படிச்சதே போதும்" என்று அப்பா சொன்னதை ஒரு வருடம் மறக்க முடியவில்லை.

இந்த வருடம் பலமுறை நுழையும் விசாவோடு வந்தார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நேரடிப் பேருந்தில் போகும்போது மூவருக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்ப வர மட்டும் கிடைத்தது. சரி, ரயிலில் போவோம் என்று முடிவெடுத்தேன். அந்தோராவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ரயில் நிலையம் பிரான்சில், லோஸ்பித்தலே என்ற மலைக் கிராமத்தில். துலூஸிலிருந்து அங்கே நேரே ரயில் உண்டு. அங்கிருந்து எல்லை ஊரான பாஸ் தெ லா காசா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குப் பேருந்து. ஆனால் அது ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

பனியால் எங்கள் ரயில் 25 நிமிடம் தாமதம். பனிக்கு யார் என்ன செய்ய முடியும், அதில் எனக்குக் கோபமில்லை. நாங்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பேருந்து போயிருந்தது. அந்தப் பேருந்து எதற்காக அங்கே வருகிறது? அந்தக் கிராமத்தில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? ரயிலில் வருகிறவர்களை ஏற்றத்தானே வருகிறது! ரயில் வராமலேயே, காலி இருக்கைகளை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. எங்களோடு இறங்கியவர்கள் பதினோரு பேர். முதுகில் பையோடு இரண்டு மாணவிகள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, மற்றவர்கள் ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள். எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த பேருந்து மாலைதான்.

ஆயிரத்து நானூறு மீட்டர் உயரம். காற்று சட்டைக்குள் கத்தி மாதிரி இறங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சுவரோரமாகப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் ஜாக்கெட். ஃப்ளாஸ்க்கில் இருந்த வெந்நீரை மூடியில் ஊற்றி, குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பஸ் இப்ப வந்துரும்ல தம்பி?" என்று கேட்டார். நான் வந்துரும்மா என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அப்பா சொன்னார்: "கொடைக்கானலுக்கும் ரயில் கெடையாது. ஆனா கொடை ரோட்டுல எறங்குனா மேல போறதுக்கு ஏதாச்சும் ஒரு வண்டி கெடைக்கும்ப்பா." உண்மைதானே. எண்பது கிலோமீட்டர் மலையேற்றத்துக்கு நம் ஊரில் கிடைக்கிற வண்டி, இங்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கிடைக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்ஸி வரவழைத்தேன். வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். கைக்குழந்தைக்காரர்களை முதலில் அனுப்பிவிட்டு இரண்டாவது நடைக்குக் காத்திருந்தோம். பாஸ் தெ லா காசாவிலிருந்து உள்ளூர்ப் பேருந்து பிடித்து, சனிக்கிழமை பனிச்சறுக்கு நெரிசலில் ஊர்ந்து, தலைநகரமான அந்தோரா லா வெய்யா போனபோது இருட்டிவிட்டது. காசா தெ லா வால் மூடியிருந்தது. மறுநாள் எங்களுக்கு இருந்த நேரத்திலும் திறக்கவில்லை. அப்பா வெளியே நின்று அந்தக் கல் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வருடம் காத்திருந்த மனிதருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அப்புறம் போன். அந்தோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. அதனால் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உள்ளூர் விலை என்ற ரோமிங் விதி அங்கே செல்லாது. என் போன் திட்டத்தில் அந்தோரா இல்லை. எல்லைக்கு வந்ததும் போன் தானாக அந்தப் பக்கத்துச் சிக்னலைப் பிடித்துக்கொண்டது. பேருந்து நேரம் பார்க்க வரைபடத்தைத் திறந்ததற்கு 50 யூரோ போய், அதோடு இணைப்பும் நின்றது. புழங்குவது அதே யூரோ நாணயம்தான், ஆனால் போன் கணக்கில் மட்டும் அது தொலைதூர அயல்நாடு.

திரும்பும் கதை வேறு. அந்தோராவில் பொது விற்பனை வரி 4.5 சதவீதம், பிரான்சில் 20. சிகரெட்டும் மதுவும் மலிவு என்பதால் ஞாயிறு மாலை கார்கள் எறும்பு வரிசையாக நிற்கும். ஒருவருக்கு 300 சிகரெட், ஒன்றரை லிட்டர் வீரிய மது என்று அளவு உண்டு. அதை மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், சோதிக்கட்டும், நியாயம்தான். ஆனால் பேருந்தில் இருந்த எல்லோரையும் பனியில் இறக்கி, நாற்பது நிமிடம் நிற்க வைத்து, அம்மாவின் பருப்புப்பொடிச் சம்படத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், மறுக்கவில்லை. பெரியவர்களை மட்டும் உள்ளே உட்கார விட்டிருக்கலாமே? கேட்டேன். "எல்லோருக்கும் ஒரே விதி" என்றார் ஒருவர். அம்மா பேருந்தின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

விமானத்தில் போயிருக்கலாமே என்கிறவர்களுக்கு: அந்தோராவின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் ஒன்று இருக்கிறது, ஸ்பெயினுக்குள், லா சேவு துர்ஜெல் ஊருக்குப் பக்கத்தில். சிறு விமானங்கள் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். அங்கே இறங்கினாலும் மறுபடி சாலை, மறுபடி எல்லை, மறுபடி அதே இரண்டாவது நுழைவு.

வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு பக்கத்துக்கும் எழுதினேன். பேருந்துக்காரர்களிடமிருந்து வந்த பதில்: எங்கள் கால அட்டவணை ரயிலோடு இணைக்கப்பட்டதல்ல. அட்டவணையில் ரயில் வந்து பத்தாவது நிமிடம் பேருந்து என்று இருக்கிறது, ஆனால் இணைக்கப்பட்டதல்லவாம். ரயில் பக்கத்திலிருந்து வந்த பதில்: நிலையத்தைத் தாண்டிய பயணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, தாமதம் குறைவு என்பதால் ஈடும் கிடையாது. இரண்டு கடிதத்திலும் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். ஒன்றில் என் பெயரே தப்பு.

மறுபடியும் எழுதியிருக்கிறேன். சுரங்கம் தோண்டுங்கள், தண்டவாளம் போடுங்கள் என்று எழுதவில்லை. ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று ஓட்டுநருக்கு ஒரு போன், அவர் அங்கே நிற்க ஒரு அனுமதி. இந்த இரண்டைத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் கூடுதலாக நின்றிருக்க வேண்டியது 15 நிமிடம்.