படத்துக்கு வெளியே கிடந்த பேஸ்

போன வாரம் என்னிடம் இருக்கும் கிட்டார்களை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போட்டேன், பார்த்திருப்பீர்கள். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்து, கைரேகை தெரியாமல் துடைத்து, ஸ்ட்ராப்புகளைக் கழற்றி, கம்பியை முறுக்கும் தலைப்பகுதிகளான ஹெட்ஸ்டாக்குகள் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று தரையில் படுத்துப் பார்த்து, அரை மணி நேரம் பாடுபட்டு எடுத்த படம். நல்ல வரவேற்பு. நடுவே ஒரு நண்பர் மட்டும் கேட்டார்: "அந்தப் பழைய பேஸைக் காணோமே, வித்துட்டீங்களா?"

விற்கவில்லை. கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் அந்த பேஸ் கிட்டார், படம் எடுத்தபோது என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தது. பெயின்ட் உரிந்துவிட்டது, ஒரு குமிழ் மட்டும் வேறு நிறம், வரிசையின் அழகைக் கெடுக்கும் என்று நானே தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். ஆனால் தினமும் நான் கையில் எடுப்பது அது ஒன்றைத்தான். படத்தில் நின்ற ஐந்தில் இரண்டுக்குக் கம்பி துருப்பிடித்திருந்தது. நல்லவேளையாக அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

நண்பரின் கேள்வி ஒரு வாரமாகக் குடைகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கிட்டாரைக் காட்டிப் பெருமைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. "வாசிக்கிறது நாலு கார்டு, அதுக்கு ஆறு கிட்டாரா?" என்று கிண்டல் செய்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் என்ற பேர்பெற்ற மாடல்கள் எல்லாம் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தனவோ, அந்தக் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மனிதர். செய்ததை வாசிப்பவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்தினார். ஒரு நல்ல நெக்கின், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்தின், வளைவில் கையை ஓட்டிப் பார்க்கும் சுகத்துக்கு ஸ்கேல் எல்லாம் மனப்பாடமாகியிருக்க வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மேல் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பிக்கப். அதில் சிங்கிள் காயில் வகை என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி. ஒலி பளிச்சென்று இருக்கும், ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 1955-ல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வைத்தார். அதுதான் ஹம்பக்கர். ஒலி தடித்தது, கொஞ்சம் இருண்டது. கம்பியின் நீளமும் மாறும். ஃபெண்டர் கிட்டார்களில் 25.5 அங்குலம், கிப்சனில் ஏறக்குறைய 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். கம்பியை வளைக்கும்போது விரலுக்குத் தெரியும், எது இறுக்கம் எது தளர்வு என்று.

சரி, இதெல்லாம் இரண்டு மூன்று கிட்டார் வரைக்கும் செல்லுபடியாகும் வாதம். என்னுடைய நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் வித்தியாசம் நிறம் மட்டும்தான். வீட்டில் யாரும் இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் குறை எண்ணிக்கையைப் பற்றி இல்லை. நாம் போடும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. நேர் எதிரே நின்று எடுத்த முன்பக்கம், புதுக் கம்பி, துடைத்த பளபளப்பு. இந்தப் படத்தைக் கிட்டார் தயாரித்த கம்பெனியே நம்மைவிட நன்றாக எடுத்து கேட்டலாகில் போட்டிருக்கிறது. உங்களிடம் உள்ள கிட்டாரில் உங்களால் மட்டுமே காட்ட முடிந்த ஏதோ ஒன்று இருக்குமல்லவா? அதை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டுகிறோம். போன வாரம் நான் செய்ததும் அதேதான்.

1958 முதல் 1960 வரை வந்த கிப்சனின் லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிட்டார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையை விட்டுக் கிளம்பும்போது ஓரத்தில் செர்ரிச் சிவப்பு, நடுவில் மஞ்சள். அந்தச் சிவப்புச் சாயம் வெயிலுக்குத் தாங்கவில்லை. வெளிச்சத்தில் நின்றவை தேன் நிறமாக, எலுமிச்சை மஞ்சளாக வெளுத்துப் போயின. பெட்டிக்குள் கிடந்தவை சிவப்பாகவே இருந்தன. வெளுத்த ஒன்றில் பிக்கப் வளையத்தைக் கழற்றினால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். எத்தனை வருஷம் எந்த ஜன்னலோரம் நின்றது என்பதை மரமே குறித்து வைத்திருக்கிறது. குறை என்று ஒதுக்க வேண்டிய சாயத்தைத்தான் இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிகர்' எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1969-லிருந்து அவர் கையில் இருக்கும் மார்ட்டின் நைலான் கம்பிக் கிட்டார். பிக் என்ற சிறு தகட்டை வைத்து வாசிக்க வேண்டிய கிட்டாரே இல்லை அது. வாசித்து வாசித்து மேல்பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. குயின் இசைக்குழுவின் பிரையன் மே சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து 1963-ல் செய்யத் தொடங்கிய கிட்டாருக்கு நெக் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம், விரலால் கம்பியை அமுக்கும் பலகையான ஃப்ரெட்போர்டில் உள்ள புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பொத்தான்கள். இந்தக் கிட்டார்களின் முன்பக்கப் படத்தை மட்டும் போட்டுவிட்டு, பொத்தான் கதையைச் சொல்லாமல் விட்டால் என்ன மிச்சம்?

இந்தத் தேய்மானத்தின் மீதுள்ள மயக்கம் வியாபாரத்துக்கும் தெரியும். 1995 வாக்கில் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் என்ற தனிப் பட்டறை 'ரெலிக்' என்று, ஆலையிலேயே பழசாக்கிய கிட்டார்களைக் கொண்டுவந்தது. பெயின்ட் உரித்து, உலோகத்தைக் கறுக்க வைத்து, பின்பக்கம் பெல்ட் கீறல் உட்படப் போட்டுத் தருவார்கள். இதில் எனக்கு இரண்டு மனம். நெக்கின் ஓரங்களை உருட்டித் தேய்த்துக் கொடுப்பது கைக்கு நிஜமாகவே இதமாக இருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெல்ட் கீறல்? நான் ஏறாத மேடையில் இன்னொருவன் சிந்தாத வியர்வை. வாங்கியவர்கள் கோபிக்க வேண்டாம். நெக்குக்காக வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள், நம்புகிறேன்.

முன்பக்கப் படத்தின் மீது எனக்கு வேறொரு கடுப்பும் உண்டு. சில வருஷம் முன்பு படத்தைப் பார்த்தே ஒரு பழைய கிட்டாரை வாங்கினேன். எட்டுப் படங்கள், எட்டும் முன்பக்கம். வந்த பிறகு திருப்பிப் பார்த்தால், நட்டுக்கு (நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) பின்னால் நெக்கில் முடி போல ஒரு கோடு. உடைந்து ஒட்டியது. ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்த வகைக் கிட்டார்கள் மல்லாக்க விழுந்தால் அந்த இடம்தான் முதலில் போகும். நெக்கிலேயே மெல்லிய பகுதி, போதாக்குறைக்கு நெக் வளையாமல் காக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பிக்காக அங்கேயே மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். நன்றாக ஒட்டினால் வாசிக்க ஒரு குறையும் இருக்காது, இன்றுவரை நன்றாகத்தான் ஒலிக்கிறது. சொல்லிவிட்டு விற்றிருந்தால் அதே கிட்டாரைச் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன். போன வாரப் படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பது அதுதான், நானும் முன்பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறேன்!

பின்பக்கம், சீரியல் எண், கீறல், வடு எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளியே வந்தது, 2024-ல் அது அவருடையதுதான் என்று ஹாஃப்னர் கம்பெனி உறுதி செய்தது. நம்முடையதைத் தேடி யாரும் அரை நூற்றாண்டு அலையப் போவதில்லை. ஆனாலும் "இது என்னுடையது" என்று காட்ட அந்த வடுக்கள்தான் சாட்சி. பளபளப்பு எல்லாக் கிட்டாரிலும் ஒன்றுதான்.

இப்போது பேஸுக்கு வருகிறேன், என் மனசாட்சி குத்தும் இடம் இதுதான். கிட்டார் வரிசையில் பேஸ் எப்போதும் ஓரத்தில்தான் நிற்கும். இல்லையென்றால் படத்திலேயே இருக்காது. கம்பி நீளமே 34 அங்குலம், மொத்தத்தில் ஏறக்குறைய நாலடி. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர நாம் பின்னால் போக வேண்டும், மற்றதெல்லாம் சின்னதாகிவிடும். வீடியோ போட்டாலும் கதி இதேதான். தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதற்கு மேல் 82, 123 என்று அடுக்காக வரும் மேல்சுரங்களான ஹார்மோனிக்ஸை வைத்துக்கொண்டு நம் மூளைதான் அடிச்சுரம் இருப்பதாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. கேட்பவரே பாதி வாசித்துக்கொள்ள வேண்டிய கருவிக்கு எங்கிருந்து விருப்பக்குறி விழும்?

1951-ல் பிரிசிஷன் பேஸ் வந்தபோது, நின்றபடி வாசிக்கும் ஆளுயர மரப் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. நெக்கின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால்தான் அந்தப் பெயர். அதை வைத்து ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கலைஞர் அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாடல்களில் செய்ததை இன்னும் எல்லாரும் படித்துக்கொண்டிருக்கிறோம். வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். அழுக்கேறிய கம்பியின் அந்த மந்தமான 'தும்' தான் அவருடைய ஒலி. பல வருஷம் இசைத்தட்டில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. அவருடைய 1962 பேஸ், 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு திருடு போனது.

அழகாக இல்லை என்று நான் கட்டிலில் தூக்கி வைத்ததும் அப்படிப்பட்ட ஒரு கருவிதான். என்னை ஜேமர்சனோடு ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள். பேஸை மட்டும்தான் சொல்கிறேன்.

அதனால் இன்றைக்கு அது மட்டும் தனியாக, தரையில் படுக்க வைத்து எடுத்த நாலு படங்கள். முதல் படத்தில் பிக்கப்புக்கு மேலே கட்டைவிரல் ஊன்றி ஊன்றி மரம் தெரியும் இடம். இரண்டாவது பின்பக்கம், கீறல்களோடு. மூன்றாவதில் ஐந்தாம் ஃப்ரெட் பள்ளமாகியிருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அங்கேதான் நான் அதிகம் குடியிருக்கிறேன் போல. நான்காவதில் அந்த வேறு நிறக் குமிழ். பழையது ஒரு கச்சேரி இரவில் எங்கோ உருண்டு போய்விட்டது, ஒலிபெருக்கியான ஆம்பிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினேன். ஆம்புக்கு இன்னும் மாற்றுக் குமிழ் வாங்கவில்லை, சத்தம் கூட்ட இடுக்கிதான்.

கம்பி மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.