மின்ஸ் பை தின்றால் குற்றமா?

"இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அன்று மின்ஸ் பை என்னும் இனிப்புப் பலகாரம் சாப்பிடுவது இன்றும் சட்டவிரோதம். 17ஆம் நூற்றாண்டில் மன்னர் இல்லாமல் நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் விதித்த தடை நீக்கப்படவே இல்லை." டிசம்பர் வந்தால் இந்தச் செய்தியும் தவறாமல் வந்துவிடும். இது பொய்.

மின்ஸ் பையைப் பெயர் சொல்லித் தடை செய்த சட்டம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் நெருப்பில்லாமல் புகையவில்லை. அன்றைய நாடாளுமன்றம் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை உபவாச நாளாக வைத்திருந்தது. 1644இல் கிறிஸ்துமஸ் சரியாக அந்தப் புதனில் வந்து விழுந்தது; விருந்து வேண்டாம், உபவாசமே இருங்கள் என்று உத்தரவாயிற்று. 1647இல் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்து ஆணை பிறந்தது. கிராம்வெல் ஆட்சித் தலைவரானது 1653இல்தான்; பழி மட்டும் முழுதாக அவர் தலையில்! 1660இல் மன்னராட்சி திரும்பியதும், அரசரின் ஒப்புதல் பெறாத அந்த ஆணைகள் யாவும் செல்லாதவை ஆயின.

உள்ளங்கையில் அடங்கும் மாவுக்கூடு, மேலே நட்சத்திர மூடி, தூவிய சர்க்கரைப் பொடி. கடித்தால் உலர்திராட்சை, ஆப்பிள், பட்டை, கிராம்பு, கூடவே கொஞ்சம் பிராந்தி. அக்காலத்தில் இதில் கொத்திய இறைச்சியும் இருந்தது; 'மின்ஸ்' என்றால் கொத்தியது, பெயர் அப்படி வந்ததுதான். இறைச்சி போய்விட்டது, ஆனால் பழைய செய்முறையில் மாட்டுக் கொழுப்பு இன்னும் உண்டு. தாவரக் கொழுப்பில் செய்ததும் கிடைக்கிறது. சைவர்கள் பயப்பட வேண்டியது போலீசுக்கு அல்ல, பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதற்குத்தான்.